விசில் ஊதாமல் வந்த சத்தம்

செவ்வாய்க்கிழமை காலை, கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் நகர்க் குடியிருப்போரின் வாட்ஸாப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள்: "குவாரி முனிராஜ் இன்று அதிகாலை மாரடைப்பால் காலமானார்." அதன் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். கைகளுக்கு நடுவே ஒருவர் எழுதியிருந்தார்: "நம்ம வீட்டுச் சுவர் எல்லாம் விரிசல் விடக் காரணமானவர்தானே? போகட்டும், ஆன்மா சாந்தியடையட்டும்." அதற்கும் நாலு பேர் கை கூப்பியிருந்தார்கள்.

ஒரு காலில் ஷூ, இன்னொரு காலில் வெறும் சாக்ஸ். அப்படியே ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்தேன். பதில் எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன், அழித்தேன். தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. "இப்பவாவது எழுதுவீங்களா, இல்ல இதையும் அடுத்த வாரம்னு தள்ளிப்போடுவீங்களா?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள் என் மனைவி செல்வி. அவளுக்கு எல்லாம் தெரியும்.

எனவே, முனிராஜைத் தெரிந்தவர்களுக்காகவும், தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். என்னால் ஓரிடத்தில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. பாதியை கேன்டீனிலும் மீதியை மொட்டைமாடியில் நின்றுகொண்டும் எழுதினேன். அங்கங்கே தட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தளி சாலையிலிருந்து பிரியும் மண்பாதையில் எங்கள் நகர். வீட்டு மாடியில் நின்றால் எதிரே கரும்பாறைக் குன்று, அதன் இடுப்பில் ஜல்லிக் குவாரி. அங்கே பாறையில் துளை போட்டு, மருந்து திணித்து, வெடி வைப்பவர் முனிராஜ். வெடிமருந்தை அவர்கள் 'மருந்து' என்றுதான் சொல்வார்கள். குள்ளமான, இறுகிய ஆள். சட்டைப் பையிலிருந்து ஒரு பச்சைக் கயிறு தொங்கும், கயிற்றின் நுனியில் விசில். வீட்டில் தெலுங்கு, மாமியார் வீட்டில் கன்னடம், எங்களைப் போல் பிழைக்க வந்தவர்களிடம் தமிழ். மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசிவிட்டு, நமக்குப் புரிந்ததா என்று முகத்தைப் பார்ப்பார்.

மதியம் ஒரு மணி சுமாருக்கு வெடி. முதலில் விசில், நீளமாக மூன்று தடவை. பிறகு அவருடைய குரல், குன்றில் பட்டுத் திரும்பும்: "தூரம் போங்க! தூர ஹோகி! தூரம் போண்டி!" யாருக்கு எந்த மொழி வீட்டு மொழியோ, அந்த மொழியில் ஒருதரம் கேட்டாக வேண்டும் என்பது அவர் வைத்திருந்த விதி. லாரி டிரைவர் கன்னடக்காரர், கல் உடைக்கும் குடும்பங்கள் தெலுங்கு, மற்றவர்கள் தமிழ். அதற்குப் பிறகு சிவப்புக் கொடி, மறுபடி விசில், அப்புறம்தான் வெடி. எங்கள் தெருப் பெண்கள் அந்த விசிலைக் கேட்டுத்தான் மாடியில் காயப்போட்ட துணியை எடுத்து உள்ளே போடுவார்கள், புழுதி படியாமல் இருக்க. சத்தத்தைத் திட்டுவோமே தவிர, சத்தம் சொல்லாமல் வந்ததில்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் சொல்லாமல் வந்தது. எனக்கு இரண்டாவது ஷிஃப்ட், சாப்பிட உட்கார்ந்திருந்தேன். டமார் என்று ஒரு சத்தம், அது அடங்கும் முன்பே ஒட்டிக்கொண்டு இன்னொன்று. ஜன்னல் கண்ணாடி எல்லாம் அதிர்ந்தது. பீரோ கதவு தானாகத் திறந்துகொண்டது. ரசத்தில் அலை எழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். தெருவே வெளியே வந்து நின்றது. ஒருவர் நிலநடுக்கம் என்றார். ஒருவர் டிரான்ஸ்ஃபார்மர் என்றார். நான் கையைக்கூடக் கழுவாமல் நடுத்தெருவில் நின்று சொன்னேன்: "குவாரிதான். நான் சாத்தூர்க்காரன். வெடிச் சத்தம் கேட்டு வளர்ந்தவன். எனக்கா தெரியாது?"

அதைச் சொன்ன வாயை இன்றைக்கும் திட்டிக்கொண்டிருக்கிறேன். பட்டாசுக் கட்டைப் பார்த்து வளர்ந்தவனுக்குப் பாறை வெடியைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் ஊரில் எல்லோரும் தலையாட்டினார்கள். சாத்தூர்க்காரனே சொல்லிவிட்டானே! உள்ளே போய்ப் பார்த்தால், ஹால் ஜன்னலின் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக ஒரு விரிசல். பக்கத்து வீடுகளிலும் தேடினார்கள். தேடினால் எந்த வீட்டில்தான் விரிசல் இல்லை? சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க விரிசல்.

நான் அப்போது குடியிருப்போர் சங்கச் செயலாளர். என் அவசரம் கம்பெனியில் பேர்போனது. மறுநாளே மனு எழுதிவிட்டேன். அன்று சாயங்காலச் செய்தியில், தர்மபுரிப் பக்கமும் பாரூரிலும் பெங்களூரிலும்கூட அதே நேரத்தில் சத்தம் கேட்டதாகவும், ஒலியை மிஞ்சிப் போகும் சோதனை விமானமாக இருக்கலாம் என்று பேசிக்கொள்வதாகவும் சொன்னார்கள். செல்வி டிவியைக் காட்டி, "பாருங்க, பாரூர் வரைக்கும் கேட்டிருக்காம். நம்ம குவாரி வெடி பாரூருக்கு எப்படிங்க கேக்கும்?" என்றாள். "அது வேற சத்தம்" என்றேன். எழுதிய மனு கையில் இருக்கும்போது மனுஷனுக்குக் காது கேட்காது.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு ஒரு வேன் பிடித்துக் கிருஷ்ணகிரி போனோம். மனுவின் இரண்டாவது பத்தி எனக்கு மனப்பாடம்: "மேற்படி குவாரியில் வெடி வைக்கும் முனிராஜ் என்பவர், எவ்வித முன்னறிவிப்பும் இன்றி, விசில்கூட ஊதாமல், அதிக அளவு வெடிமருந்தை வெடிக்கச் செய்ததில்..." விசில் ஊதவில்லை என்பது உண்மைதான். நாங்கள் யாரும் அன்று விசில் கேட்கவில்லை. அதை எழுதியபோது எனக்கு ஒரு திருப்தி. கெட்டிக்காரத்தனமாக ஒரு ஆணி அடித்துவிட்டதாக நினைத்தேன். அதிகாரி மற்ற வரிகளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் மட்டும் பேனாவால் கோடு போட்டார்.

அடுத்த வாரம் குவாரியில் வெடி நிறுத்தப்பட்டது. விசாரணை முடியும்வரை முனிராஜ் மருந்தைத் தொடக் கூடாது என்று உத்தரவு. எங்கள் தெருவில் கேசரி செய்து கொடுத்தோம். எனக்குச் சால்வை போட்டார்கள். அந்தச் சால்வை இன்னும் பீரோவில் இருக்கிறது.

நாலைந்து நாள் கழித்து ஒரு காலையில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் நின்றார். "சார், நான்தாங்க முனிராஜு. குவாரியில மருந்து போடுறவன்." சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நான் முந்திக்கொண்டு குரலை உயர்த்தினேன். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. "சுவரு எதுங்க? ஒருவாட்டி பாத்துக்கலாமா?"

செல்வி உள்ளே கூட்டிவந்து காட்டினாள். அவர் விரிசலில் கண்ணை வைத்துப் பார்த்தார். நகத்தால் மெதுவாகச் சுரண்டினார். "எப்பங்க பெயிண்ட் அடிச்சீங்க?"

"பொங்கலுக்கு."

"இங்க பாருங்க சார். விரிசலுக்கு உள்ளாற பெயிண்ட் போயிருக்குது. விரிசலு முன்னாடி வந்துது, பெயிண்ட் பின்னாடி போட்டிருக்கீங்க. ஆடியில கேட்ட சத்தத்துக்குப் பொங்கலுக்கே எப்படிங்க சுவரு வுடும்?"

அங்கேதான் செல்வி என் மானத்தை வாங்கினாள். "அண்ணா, இவருக்கு கம்பெனியில என்ன வேலை தெரியுமா? இரும்பு வார்ப்புல விரிசல் இருக்கான்னு லென்ஸ் வெச்சுப் பாக்கிற வேலை. பதினெட்டு வருஷமா அதே வேலைதான்." அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, ரொம்ப நிதானமாகச் சொன்னார்:

"விரிசலுன்னு எழுதினீங்க, அது போவட்டும் சார். வீடு கட்டினவனுக்கு வயிறு எரியும், அதுல தப்பில்ல. விசிலு ஊதாம வெடிச்சான்னு எழுதிட்டீங்களே. முப்பது வருசம் சார். ஒரே ஒரு நாளு விசிலு ஊதாம மருந்தைத் தொட்டிருந்தேன்னா, எங்கூட வேலை செஞ்சவன் எவனாவது இன்னைக்கு கண்ணோட கையோட இருப்பானா?"

பதில் தெரியாதபோது நான் கோபப்படுவேன். "அப்ப அந்தச் சத்தம் எங்கேருந்து வந்துச்சு?" என்றேன்.

"மேலேருந்து" என்றார். "கல்லுல வர்ற சத்தம் காலு வழியா ஏறும் சார். அன்னைக்கு எங்க ஊட்டுல தரை சும்மா கெடந்துது, ஜன்னலுதான் ஆடிச்சு. என் வெடி தரையைத் தட்டும், இது கதவைத் தட்டிச்சு. அதுவும் ரெண்டு வாட்டி. என்னுது ஒரே வாட்டிதாங்க." ரசத்தில் அலை எழுந்தது, பீரோ திறந்தது எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. காலில் ஏதாவது தெரிந்ததா என்று யோசித்தேன். தெரியவில்லை. ஆனால் "பாக்கலாம், பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் காபியைக்கூடக் குடிக்கவில்லை.

அப்புறம் குவாரியே மூடப்பட்டது, அதற்கு வேறு பல காரணங்கள். முனிராஜ் எங்கள் கம்பெனி கேட்டிலேயே செக்யூரிட்டியாக வந்து சேர்ந்தார். காக்கிச் சட்டை, அதே பச்சைக் கயிறு, அதே விசில். ரிவர்ஸ் எடுக்கும் லாரிகளுக்கு விசில் ஊதி வழி காட்டுவது வேலை. தினமும் நான் அவரைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அவர் எழுந்து சல்யூட் வைப்பார். எனக்கு உடம்பு கூசும். ஓரமாக இருக்கும் சைக்கிள் கேட் வழியாகப் போய்விடலாமா என்றுகூட யோசித்திருக்கிறேன்.

கார்த்திகையில் ஒருநாள், பதினொரு மணி டீ நேரம். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நானும் நின்றேன், அவரும் டம்ளரோடு நின்றார். மறுபடி அதே சத்தம். டமார், டமார். கம்பெனி ஷெட்டின் தகரக் கூரை முழுக்கச் சடசடத்தது. உள்ளேயிருந்து ஜனம் திபுதிபுவென்று ஓடிவந்து, தீ விபத்துப் பயிற்சியில் நிற்கும் இடத்தில் வரிசையாக நின்றது. டீக்கடைக்காரர் பாலை இறக்கிவிட்டுத் தெருவுக்கு ஓடினார். முனிராஜ் மட்டும் நகரவில்லை. டம்ளரை பெஞ்சில் வைத்தார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி என் எதிரே நின்றார்.

"சார், நான் இங்கதான் நிக்கிறேன். குவாரி மூடிக் கெடக்குது. சாட்சி நீங்களே."

அப்போதுதான் சிரித்தார், முதல் தடவையாக. பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். எனக்கு அழுகை முட்டியது. நான் மட்டும் அன்று அந்த இடத்தில் அந்த மனுஷனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் பாதிப் பாரம் இறங்கியிருக்கும். "ஆமா அண்ணா" என்று மட்டும் சொன்னேன். சார் என்று கூப்பிடுபவரை அண்ணா என்று கூப்பிட்டது அன்றுதான்.

அன்று மாலை கேட்டில் என்னை நிறுத்தி அவர் கேட்டார்: "ஒரு வரி எழுதிக் குடுப்பீங்களா சார்? விசிலு ஊதாம முனிராஜு வெடிக்கலைன்னு. அவ்ளோதான்." "கண்டிப்பா அண்ணா, இந்த வாரமே" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்து சங்கத் தலைவரிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது அவர் பதறினார். "செயலாளரே, நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா நாளைக்கே குவாரியைத் திறந்துடுவான். புழுதியை யாரு திங்கிறது?" எனக்கும் அது பெரிய காரணமாகப் பட்டது. காரணம் வேண்டும் என்று காத்திருப்பவனுக்கு எதுவும் பெரிய காரணம்தான்.

இதற்கிடையில் நாங்கள் சிநேகிதர்களாகிவிட்டோம். சொன்னால் சிரிப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மூடிய குவாரியின் மேலே ஏறி, பாறை உச்சியில் உட்கார்ந்து, அந்தச் சோதனை விமானம் தென்படுமா என்று வானத்தைப் பார்ப்போம். கீழே குவாரிப் பள்ளத்தில் மழைத் தண்ணீர் பச்சையாகத் தேங்கியிருக்கும். "எம் பேரைக் கெடுத்தவன் எப்படி இருப்பான்னு ஒருவாட்டியாவது பாக்கணும் சார்" என்பார். எனக்கு ஐந்து நிமிஷம் சும்மா உட்கார முடியாது. எழுந்து நடப்பேன், கல் பொறுக்கிப் போடுவேன், போனைப் பார்ப்பேன். அவர் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அசையாமல் இருப்பார். "நீங்க மருந்து வேலைக்கு வந்திருந்தா மொத நாளே போயிருப்பீங்க சார்" என்று கிண்டல் செய்வார்.

பாதி நாட்கள் எதுவும் வராது. கழுகு வரும், பெங்களூர் போகும் பயணிகள் விமானம் வரும். தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பொது விடுமுறை, அன்றைக்குப் பார்த்தோம். ரொம்ப உயரத்தில் ஒரு வெள்ளிப் பொட்டு, ஊசி முனை மாதிரி, பெங்களூர்ப் பக்கமிருந்து வந்தது. சத்தமே இல்லை. அவ்வளவு வேகமாக ஒன்று வானத்தில் போவதை நான் பார்த்ததில்லை. சத்தமில்லாமல் போனதால் எனக்கு அது பொய் மாதிரி இருந்தது. நேர் உச்சியைத் தாண்டிய நொடியில் முனிராஜ் எண்ண ஆரம்பித்தார். ஒண்ணு, ரெண்டு, மூணு. திரி கொளுத்திய காலத்தில் பழகிய எண்ணிக்கை அது. எண்ணிக்கொண்டே நடக்க வேண்டும், ஓடக் கூடாது, ஓடினால் கல் தடுக்கி விழுவோம் என்பார். நான் எட்டிலேயே பொறுமை இழந்து, "வராது அண்ணா, இது வேற" என்று எழுந்துவிட்டேன். அவர் கையால் என்னை அமர்த்தினார். பொட்டு ஜவளகிரிக் காட்டுப் பக்கமாய்ப் போய் மறைந்தேவிட்டது. முப்பதை நெருங்கும்போது வந்தது. டமார், டமார். பாறையிலிருந்த காகங்கள் எல்லாம் எழுந்தன. பள்ளத்துத் தண்ணீர் சிலிர்த்தது.

நான் குதித்தேன். கையைத் தட்டினேன். கண்டுபிடித்துவிட்டோம் என்று கத்தினேன். அவர் உட்கார்ந்த இடத்தில் உள்ளங்கையைப் பாறையில் பதித்து வைத்திருந்தார். பாறை அசையவில்லை என்று தலையை ஆட்டிக் காட்டினார். பிறகு அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே!

"என்னா சார் இது! ஆளு போயே போயிட்டான், அப்புறமா சத்தம் போடுறான். மொதல்ல சொல்லிட்டு இல்ல வரணும்? இவனுக்கு ஒரு விசிலு கெடையாதா? ஊருல கர்ப்பிணி இருப்பா, நெஞ்சுவலிக்காரன் இருப்பான். போனப்புறம் கத்தி என்னா பிரயோஜனம்?"

மறுநாளே கேட்டிலிருந்து அரசின் புகார் உதவி எண்ணுக்குப் போன் போட்டுவிட்டார். வெடிக்குமுன் மக்களுக்கு மொபைலில் ஒரு மெசேஜ் போடச் சொல்ல வேண்டும் என்று கோரிக்கை. மறுமுனையில் இருந்த பெண் எந்தத் துறை மீது புகார் என்று கேட்டாளாம். "வானம்" என்றாராம். அவள் வைத்துவிட்டாளாம். இதை அவர் எங்கள் கேன்டீன் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். ஆனால் மறுபடி இரண்டு தடவை போன் போட்டார் என்பது எனக்குத் தெரியும்.

பெங்களூரில் விமானக் கண்காட்சி நடந்தபோது என் பைக்கில் கூட்டிப்போனேன். உள்ளே போக அனுமதிச் சீட்டு கிடைக்கவில்லை. ஜனங்களோடு ஜனமாக வேலிக்கு வெளியே ஒரு திராட்சைத் தோட்டத்தின் ஓரத்தில் நின்றோம். போர் விமானங்கள் தலைக்கு மேலே உரசிக்கொண்டு போவதுபோல் போயின. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். முனிராஜ் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, கம்பெனி ஆடிட்டர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். "இவன் நல்லவன் சார்" என்றார் கடைசியில். "வர்றப்பவே கத்திக்கிட்டு வர்றான். பாருங்க, எல்லாரும் காதைப் பொத்திக்கிட்டாங்க. இது போதும்."

திரும்பும்போது அத்திப்பள்ளி தாண்டி இளநீர் குடிக்க நிறுத்தினோம். இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "சார், அந்த ஒரு வரி..."

நான் தலைவர் சொன்னதைச் சொன்னேன். குவாரி மறுபடி திறந்துவிடும் என்ற பயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குவாரி மூடியே கெடக்கட்டும் சார். எனக்கு மருந்து வேலையும் வேணாம், மூட்டு வலிக்குது. பெரிசா ஒண்ணும் கேக்கல, ஒரு காயிதம்தானே. ஆபீசுல எம் பேரு போட்ட ஃபைலு ஒண்ணு இருக்குதில்ல, அதுல விசிலு ஊதாதவன்னு இருக்குது. அதை மட்டும் அடிச்சிடுங்க" என்றார்.

எனக்கு ஒளிந்துகொள்ள இருந்த ஒரே மரத்தையும் அவரே வெட்டிவிட்டார். "அடுத்த திங்கக்கிழமை போறேன் அண்ணா" என்றேன். அடுத்த திங்கள் கம்பெனியில் ஆடிட். அதற்கடுத்த திங்கள் செல்வியின் தம்பி கல்யாணம். அதற்கடுத்த திங்களுக்குக் காரணமே இல்லை, சும்மா போகவில்லை. தப்பு செய்தேன் என்று என் கையெழுத்தில் எழுதி, அதே மேஜையில், அதே அதிகாரி முன்னால் வைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம். அதன்பின் அவர் கேட்கவே இல்லை. தினமும் சல்யூட் மட்டும் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை மதியம் அவர் ஊருக்குப் போனேன். வாசலில் பந்தல், தப்பு மேளம், பட்டாசுச் சரம் எல்லாம் தயாராக இருந்தது. எங்கள் பக்கம் மாதிரியே இங்கேயும் எடுக்கும்போது வழியெல்லாம் சரம் வெடிப்பார்கள். தம்பி முறையான ஒருவர் பாடை எழுந்ததும் சரத்தைக் கொளுத்தப் போனார். முனிராஜின் மனைவி லட்சுமம்மா, அதுவரை சுவரோரம் சாய்ந்து அழுதுகொண்டிருந்தவர், எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தார்.

"சொல்லாம கொளுத்தாதப்பா. இன்னைக்கு அந்த மனுசனுக்கு முன்னாடி விசிலு ஊதாம எதையும் வெடிக்கக் கூடாது."

குவாரியில் அவரோடு வேலை செய்த ஒருவர் முன்னால் வந்தார். அவர் கழுத்திலும் விசில் இருந்தது. மூன்று தடவை நீளமாக ஊதினார். "தூரம் போங்க! தூர ஹோகி! தூரம் போண்டி!" என்று கத்தினார். குரல் மூன்றாவதில் உடைந்தது. ஜனம் விலகி வழிவிட்டது, காதைப் பொத்திக்கொண்டது. அப்புறம்தான் சரம். வீட்டிலிருந்து சுடுகாடு சேரும்வரை ஒவ்வொரு சரத்துக்கும் அப்படியே. நான் கூட்டத்தின் கடைசியில் நடந்தேன். என் முறை வந்து பாடைக்குத் தோள் கொடுத்தபோது, சும்மா இருக்க முடியாத என் வாய் "மன்னிச்சிடுங்க அண்ணா" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. தப்புச் சத்தத்தில் பக்கத்தில் இருந்தவருக்குக்கூடக் கேட்டிருக்காது.

நேற்று திங்கட்கிழமை. லீவு போட்டுவிட்டுக் கிருஷ்ணகிரி போனேன். வேன் இல்லை, சால்வைக்காரர்கள் இல்லை, பஸ்ஸில் தனியாகப் போனேன். மனுவைப் பதிவு செய்யும் இடத்திலிருந்த பெண் வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "சம்பந்தப்பட்டவர் இறந்துட்டார்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் கோரிக்கை என்னங்க சார்?" என்று கேட்டார். கோரிக்கை என்ற இடத்தைக் காலியாக விட்டால் கணினி ஏற்றுக்கொள்ளாதாம். என் பின்னால் வரிசை முணுமுணுத்தது. "இருக்கிற வரியை அடிச்சிட்டு இந்த வரியைச் சேக்கணும்மா, அதான் கோரிக்கை" என்றேன். அவர் அதையே அப்படியே தட்டினார். ஒப்புகைச் சீட்டைத் திரும்பும் வழியில் லட்சுமம்மாவிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முனிராஜிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம்தான். எங்கே எது வெடித்தாலும், ஆள் மேல் விரல் நீட்டுமுன் உள்ளங்கையைத் தரையில் பதித்து வைத்துப் பார்க்கிறேன். அப்புறம் எண்ணுகிறேன். இன்னும் எட்டு, பத்துக்கு மேல் என்னால் பொறுமையாக எண்ண முடியவில்லை. ஆனால் எண்ணுகிறேன். போனப்புறம் கத்துகிறவன் என்று அவர் வானத்தைப் பார்த்துத் திட்டியது இப்போது என்னைப் பார்த்துத் திட்டியதாகவே கேட்கிறது. அதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

நம் குழுவில் அன்று கை கூப்பியவர்களே, அந்த ஒரு வரி இதுதான். உங்கள் ஹால் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் இதையும் சேர்த்துப் படியுங்கள்:

"ஆடி மாதம் அந்தச் சத்தம் கேட்ட அன்று முனிராஜ் விசில் ஊதவில்லை. ஏனென்றால், அன்று அவர் வெடிக்கவில்லை."